சோற்றை மின்சாரமாக்கியவன்

ஒரு ரேடியோத் தொழிற்சாலை. சிவப்புச் சீருடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் கட்டளைகளைச் சொல்லிக்கொண்டே போகிறது. அவர்களில் ஒருத்திக்கு மட்டும் அந்தக் குரல் வேறு எதையோ சொல்கிறது. அவள் தன் மணிக்கட்டுக்குள் மின்கம்பியைச் செருகி, டேப் சுற்றி, மறுமுனையைச் சுவரில் இருக்கும் மின் இணைப்பில் பொருத்துகிறாள். பார்த்தவர்கள் அதைத் தற்கொலை முயற்சி என்று முடிவுகட்டி அவளை மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அவளோ தன்னைச் சார்ஜ் செய்துகொண்டாள், அவ்வளவுதான். மருத்துவர் எத்தனை முறை கேட்டாலும் அவள் வாய் திறப்பதில்லை.

தென்கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக் 2006 டிசம்பரில் வெளியிட்ட 'நான் ஒரு சைபோர்க், ஆனாலும் பரவாயில்லை' என்ற படம் இப்படித்தான் தொடங்குகிறது. தொடங்கும் விதத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. ஆனால் இது ஒரு காதல் நகைச்சுவைப் படம். தன்னைச் சைபோர்க், அதாவது பாதி மனுஷி, பாதி இயந்திரம் என்று நம்பும் யங்-கூன் என்ற பெண்ணுக்கும், தன்னால் எதையும் திருட முடியும் என்று நம்பும் இல்-சுன் என்ற இளைஞனுக்கும் மருத்துவமனைக்குள்ளேயே மலரும் காதல். யங்-கூனாக இம் சூ-ஜங் நடித்தார். இல்-சுனாக நடித்தவர், அன்று ஆசியா முழுக்கப் புகழ் பெற்றிருந்த பாப் பாடகர் ரெயின். அவருக்கு இதுதான் முதல் திரைப்படம்.

படம் வெளிவந்தபோது ரசிகர்கள் குழம்பியதற்குக் காரணம் உண்டு. பார்க் சான்-வூக் அதுவரை 2002, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் மூன்று பழிவாங்கும் படங்களை எடுத்து முடித்திருந்தார். ரத்தமும் வஞ்சமும் நிரம்பிய படங்கள் அவை. அவற்றால் உலகப் புகழ் பெற்றவர், தன் மகள் உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரு படத்தை எடுக்க விரும்பியதாகச் சொல்லிவிட்டு இதை எடுத்தார். ஒரு பாப் நட்சத்திரத்தின் இனிப்பான காதல் கதையை எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு முன்னால், பல் செட்டை மாட்டிக்கொண்டு குழல்விளக்கோடு பேசும் கதாநாயகியைக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்நாட்டில் படம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. ஆனால் 2007-இல் பெர்லின் திரைப்பட விழாவில், திரைக்கலையில் புதிய வழியைத் திறக்கும் படைப்புக்காக அளிக்கப்பட்டுவந்த ஆல்ஃபிரட் பௌவர் பரிசு இதற்குக் கிடைத்தது.

மனநோயும் காதலும் சேரும் படங்களில் ஒரு பழைய பழக்கம் உண்டு. ஒருவருக்கு நோய், இன்னொருவர் வருகிறார், காதல் வந்ததும் நோய் மெல்ல மறைகிறது. காதலே மருந்து என்ற இந்தச் சூத்திரம் பார்க்கச் சுகமாக இருக்கும். நோயோடு வாழ்கிறவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் அது பெரிய பாரம். அன்பு போதவில்லை, அதனால்தான் இன்னும் குணமாகவில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்ள வைக்கும் சூத்திரம் அது. பார்க் சான்-வூக்கின் படம் இந்த இடத்தில்தான் வேறு பாதையில் போகிறது. இதில் யாரும் குணமாவதில்லை. யங்-கூன் கடைசிவரை சைபோர்க்தான். காதல் அவளுக்குச் செய்வது ஒன்றே ஒன்று: அவளைச் சாப்பிட வைக்கிறது.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க வேண்டும்.

யங்-கூனின் பிரச்சினைகளிலேயே மிக ஆபத்தானது அவள் பட்டினிதான். இயந்திரத்துக்குள் சோறு போனால் பழுதாகிவிடும் என்பது அவள் நம்பிக்கை. எனவே உணவு நேரத்தில் தன் சோற்றை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, பேட்டரியை நாக்கில் வைத்துச் சுவைக்கிறாள். நாளுக்கு நாள் மெலிகிறாள். இதற்குப் பின்னால் ஒரு பாட்டியின் கதை இருக்கிறது. பாட்டி தன்னை எலி என்று நம்பியவர். முள்ளங்கியை மட்டும் கொறித்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் வெள்ளை அங்கி அணிந்தவர்கள் வந்து அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பல் செட் வீட்டிலேயே கிடக்கிறது. பல் இல்லாமல் பாட்டி எப்படி முள்ளங்கி கடிப்பார்? பேத்தி அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வண்டியைத் துரத்துகிறாள், எட்டிப்பிடிக்க முடியவில்லை. அந்தப் பல் செட்டைத்தான் பிறகு தன் வாயில் மாட்டிக்கொண்டு விளக்குகளோடும் காப்பி இயந்திரத்தோடும் பேசுகிறாள். தான் சைபோர்க் என்று அம்மாவிடம் சொன்னபோதோ, வெளியே யாருக்கும் சொல்லாதே என்பதுதான் கிடைத்த பதில். படத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் அதுதான். அம்மா கொடுமைக்காரி இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்த ஒருத்தி. மகளின் மௌனம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது.

பாட்டியை அழைத்துப்போகும் காட்சிக்குப் பின்னால் தென்கொரியாவின் உண்மையான சட்ட வரலாறும் இருக்கிறது. 1995-இல் இயற்றப்பட்ட அந்நாட்டு மனநலச் சட்டத்தின்படி, குடும்பத்தாரின் ஒப்புதலும் ஒரு மனநல மருத்துவரின் முடிவும் இருந்தால் ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராகவே மருத்துவமனையில் சேர்க்கலாம். படம் எடுக்கப்பட்ட காலத்தில் அதுதான் நடைமுறை. பத்து ஆண்டுகள் கழித்து, 2016 செப்டம்பரில், அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் இந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு இணங்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2017 மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், ஒருவரைத் தொடர்ந்து உள்ளே வைத்திருக்க வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போக வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. யங்-கூனின் கனவில் வெள்ளை அங்கிக்காரர்கள் ஏன் எதிரிகளாக வருகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். அவளைப் பொறுத்தவரை அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து பாட்டியைக் கொண்டுபோனவர்கள். அவர்களைக் கொல்ல வேண்டும் என்பதே அவள் திட்டம். கற்பனையில் அவள் விரல்நுனிகள் துப்பாக்கிக் குழல்களாகின்றன, மருத்துவமனையே போர்க்களமாகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. மனச்சிதைவு என்று நாம் தமிழில் சொல்லும் நோய்க்குக் கொரிய மொழியில் பல காலம் 'மனம் பிளந்த நோய்' என்ற பொருள் கொண்ட பெயரே இருந்தது. பெயரிலேயே இருந்த இழிவு நோயாளிகளை மருத்துவரிடமிருந்து விலக்கிவைத்தது. நோயாளிகளின் குடும்பத்தாரும் மருத்துவர்களும் சேர்ந்து முயன்றதில் 2011-இல் பெயர் மாறியது. புதிய பெயர் 'ஜோஹ்யோன்'. நரம்பிசைக் கருவியின் தந்திகளைச் சுருதி சேர்ப்பது என்பது அதன் பொருள். அதாவது, மனம் உடைந்துபோகவில்லை. தந்திகளின் முறுக்கு மாறியிருக்கிறது, சரியாகச் சேர்த்தால் மறுபடி இசைக்கும். ஜப்பான் இதற்கு முன்பே 2002-இல் தன் பழைய பெயரைக் கைவிட்டிருந்தது. சிதைவு என்ற சொல்லை நாம் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அது கேட்கிறவர் மனதில் என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டும். 2006-இல் வந்த படத்தின் நாயகி ரேடியோத் தொழிற்சாலையில் வேலை செய்தவள், இரவில் ரேடியோவைக் காதருகே வைத்துக்கொண்டு தனக்கான செய்தியைத் தேடுகிறவள் என்பதை நினைக்கும்போது, ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் பெயர் அவளுக்கென்றே வைத்தது போல எனக்குத் தோன்றும்.

தன்னை இயந்திரம் என்றோ, ஓர் இயந்திரம் தன்னை ஆட்டிவைக்கிறது என்றோ நம்புவது எழுத்தாளர்களின் கற்பனையில் மட்டும் பிறந்த ஒன்றில்லை. மனநல மருத்துவ வரலாற்றில் அதற்கு நீண்ட தடம் இருக்கிறது. லண்டனின் பெத்லெம் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ் என்ற தேயிலை வியாபாரி, 'காற்றுத் தறி' என்ற இயந்திரத்தை இயக்கும் ஒரு கூட்டம் தன் எண்ணங்களை ஆட்டிவைப்பதாக நம்பினார். அங்கே மருந்தாளராக இருந்த ஜான் ஹாஸ்லம் 1810-இல் அதை ஒரு நூலாகவே எழுதினார். தொழிற்புரட்சிக் காலத்து நோயாளிக்குத் தறி வந்தது. 1919-இல் விக்டர் டவுஸ்க் என்ற உளப்பகுப்பாய்வாளர், நோயாளிகள் தங்களைத் தூரத்திலிருந்து ஆட்டுவிப்பதாகச் சொல்லும் இயந்திரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். உண்மைக்கு மாறாக, அசைக்க முடியாதபடி மனதைப் பிடித்துக்கொள்ளும் நம்பிக்கையைப் பிறழ்நம்பிக்கை என்பார்கள். ஒவ்வொரு காலத்துப் பிறழ்நம்பிக்கையும் அந்தந்தக் காலத்துக் கருவியையே எடுத்துக்கொள்கிறது.

யங்-கூனுக்கு மிக நெருக்கமானவன் ஜோயி. அந்தப் பெயரில்தான் மருத்துவ உலகம் அந்தச் சிறுவனை அறியும். சிகாகோவில் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், 1959 மார்ச்சில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அவனைப் பற்றி எழுதினார். தன்னை இயந்திரங்கள் இயக்குவதாக நம்பிய அந்தச் சிறுவன் சாப்பாட்டு அறைக்குள் வந்ததும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பியை இழுத்து, தன்னை மின்சாரத்தோடு இணைத்துக்கொள்வான். இணைப்புக் கொடுத்த பிறகுதான் சோறு உள்ளே இறங்கும். பெட்டல்ஹைம் ஆட்டிசத்துக்குத் தாய்மார்களைக் குற்றம் சொன்ன கொள்கைகள் பின்னாளில் முற்றிலும் நிராகரிக்கப்பட்டன. அவர் சொன்ன காரணங்களை விட்டுவிடலாம்; அந்தக் காட்சி மட்டும் நெஞ்சில் நிற்கிறது. ஒரு குழந்தை, ஒரு தட்டு, நடுவில் இல்லாத ஒரு கம்பி. அந்தக் கம்பியை மிதிக்காமல் தாண்டிப் போகிறவர்தான் அந்தக் குழந்தையோடு பேச முடியும்.

இல்-சுன் அப்படித் தாண்டத் தெரிந்தவன். அவனும் அங்கே ஒரு நோயாளிதான். அம்மா விட்டுவிட்டுப் போனதிலிருந்து, தான் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி மறைந்துவிடுவோம் என்ற பயம் அவனுக்கு. ஓயாமல் பல் துலக்குகிறான். தானே செய்த முயல் முகமூடியை மாட்டிக்கொண்டு திரிகிறான். பொருள்களைத் திருடுவதோடு நிற்காமல் சக நோயாளிகளின் குணங்களையும் திருடுகிறான். ஒருவரிடமிருந்து டேபிள் டென்னிஸ் திறமை, இன்னொருவரிடமிருந்து அளவு மீறிய பணிவு. பறிகொடுத்தவர்களும் அதை உண்மை என்றே நம்பி, திரும்பக் கேட்டு நச்சரிக்கிறார்கள். அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் இது புரியும் கணக்கு.

யங்-கூன் அவனிடம் ஒரு வேலை கொடுக்கிறாள். சைபோர்க் செய்யக் கூடாத ஏழு பாவங்கள் என்று அவள் மனதில் ஒரு பட்டியல் இருக்கிறது. இரக்கம், துயரம், தயக்கம், வீண் கற்பனை, குற்ற உணர்வு, நன்றி உணர்ச்சி என்று போகும் அந்தப் பட்டியலில் தலையாயது இரக்கம். வெள்ளை அங்கிக்காரர்களைச் சுட அவள் கையை ஓங்கும்போதெல்லாம், அவர்களுக்கும் ஒரு பாட்டி இருப்பாரே என்ற எண்ணம் தடுக்கிறது. எனவே, என் இரக்கத்தைத் திருடிக்கொள் என்று கேட்கிறாள். அவனும் திருடிக்கொள்கிறான். திருடியது அவனிடம் போய்ச் சேர்ந்த பிறகு, அவனால் அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. அவள் சாப்பிடாததை முதலில் கவலையோடு கவனிக்கிறவன் அவன்தான். காதல் எங்கே தொடங்கியது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒருத்தியின் இரக்கம் ஒருவனுக்குள் போய், அவள் மேலேயே திரும்பி விழுகிறது. பார்க் சான்-வூக்கோடு சேர்ந்து இந்தத் திரைக்கதையை எழுதியவர் ஜங் சோ-கியங். இருவரும் பின்னர் பல படங்களில் சேர்ந்து உழைத்தார்கள்; இந்த ஒரு திருப்பத்தில் தெரியும் கூர்மை அவற்றிலும் தொடர்கிறது.

பட்டினி முற்றியதும் மருத்துவர்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்கிறார்கள். மின்னதிர்ச்சி சிகிச்சையும் உண்டு. அது அவளைச் சார்ஜ் செய்துவிடுகிறது! கால்விரல்கள் ஒவ்வொன்றாக வண்ணத்தில் ஒளிர்கின்றன. சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் அதைப் பார்த்து அந்த சிகிச்சையைப் பற்றி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிய முறை அது. இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள். கடும் மனச்சோர்வில் உணவையே மறுத்துவிட்ட பலர் அதனால் உயிர் பிழைத்திருக்கிறார்கள். படத்தின் மருத்துவர்களும் கெட்டவர்கள் இல்லை. பொறுமையும் அக்கறையும் உள்ளவர்கள். அவர்களுக்கு ஒரு தகவல் மட்டும் கிடைக்காமல் இருக்கிறது. இந்தப் பெண் ஏன் சாப்பிட மறுக்கிறாள் என்ற தகவல். அது இல்-சுனிடம் இருக்கிறது.

அவன் ஒரு சின்னக் கருவியைச் செய்கிறான். பெயர் 'ரைஸ் மெகட்ரான்'. சோற்றை மின்சாரமாக மாற்றும் கருவி. அதை அவள் முதுகுக்குள் பொருத்தப்போவதாகச் சொல்கிறான். தேர்ந்த மெக்கானிக்கின் பொறுமையோடு அவள் முதுகில் ஒரு கதவை வரைகிறான்; திறப்பதாகப் பாவிக்கிறான்; உள்ளே வைக்கிறான்; மூடுகிறான். கேலி செய்யும் பார்வை ஒன்றுகூட இல்லை. பழுதானால் என்ன செய்வது என்று அவள் கேட்கிறாள். வாழ்நாள் உத்தரவாதம் கொடுக்கிறான். நான் பார்த்த காதல் படங்களில் இதைவிடக் கனமான காதல் வாக்குறுதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற சொற்கள் இல்லை. அவளுடைய மொழியிலேயே, ஓர் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய உறுதிமொழியாக அது வருகிறது.

அடுத்து உணவறைக் காட்சி. தட்டில் சோறு. மற்ற நோயாளிகள் எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் கரண்டியை எடுக்கிறாள், வாயில் வைக்கிறாள், மெல்லுகிறாள், விழுங்குகிறாள். உடலுக்குள் பற்சக்கரங்கள் சுழலத் தொடங்குகின்றன. வேறு எந்தப் படத்திலாவது ஒரு பெண் ஒரு கவளம் சோறு சாப்பிடுவதை உச்சக்கட்டமாக வைத்திருப்பார்களா? கொரிய மொழியில் 'பாப்' என்றால் சோறு. சாப்பாடு என்பதற்கும் அதே சொல்தான். 'பாப் சாப்பிட்டாயா?' என்று கேட்பது அங்கே அன்றாட நலவிசாரிப்பு. அந்தக் கேள்வியைத்தான் இல்-சுன் படம் முழுக்க ஒரு கருவியின் வடிவில் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆனால் இது சரியா? மனநல மருத்துவம் படித்தவர்கள் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள். அவர்களுக்கு நியாயமான காரணம் உண்டு. பிறழ்நம்பிக்கை கொண்ட ஒருவரிடம், நீ நினைப்பது தவறு என்று வாதாடக் கூடாது. வாதம் அந்த நம்பிக்கையை அசைக்காது, பேசுகிறவர் மீதுள்ள நம்பிக்கையைத்தான் உடைக்கும். அதே சமயம், ஆமாம் நீ சொல்வது உண்மை என்று சேர்ந்துகொள்ளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில், அவர் படும் பயத்தையும் துன்பத்தையும் உண்மை என்று ஏற்று, அங்கிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதுதான் பொதுவான வழிகாட்டல். உளவியலாளர் சேவியர் அமடோர், நோய் இருப்பதையே உணர முடியாத நிலையில் இருந்த தன் அண்ணனோடு பல ஆண்டுகள் போராடியவர். முதலில் கேள், பிறகு அவர் இடத்தில் நின்று பார், ஒத்துப்போக முடிந்ததில் ஒத்துப்போ, பின் கூட்டாளியாகு என்ற வரிசையை அவர் வகுத்தார். இல்-சுன் இந்த வரிசையின் கடைசிப் படிவரை போய், அதற்கு மேலும் ஓரடி வைத்துவிடுகிறான். பொய் சொல்கிறான்.

இந்தப் பொய்க்கு மிகப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீக நூல் ஒன்றில், மருத்துவ மேதை இபின் சீனாவைப் பற்றி ஒரு கதை வருகிறது. ஓர் இளவரசன் தன்னைப் பசு என்று நம்பினான். என்னை அறுத்துச் சமையுங்கள் என்று கத்தினான்; உணவைத் தொடவில்லை. வந்த மருத்துவர் கசாப்புக்காரர் வேடத்தில் கத்தியோடு நுழைந்தார். இளவரசனைப் படுக்கவைத்து விலாவைத் தடவிப் பார்த்தார். 'இந்தப் பசு ரொம்ப மெலிந்திருக்கிறது, கொழுக்கவைத்துக் கொடுங்கள், பிறகு அறுக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். இளவரசன் கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டான்; உணவோடு மருந்தும் உள்ளே போனது; ஒரு மாதத்தில் தெளிந்தான். யூத மரபிலும் இதற்கு ஓர் இணைக்கதை இருக்கிறது. தன்னை வான்கோழி என்று நம்பி மேசைக்கடியில் அமர்ந்துகொண்ட இளவரசனோடு, ஞானி ஒருவரும் ஆடையைக் களைந்துவிட்டுத் தானும் வான்கோழி என்று சொல்லி உட்கார்ந்துகொள்கிறார். எங்கெங்கோ பிறந்த கதைகள். எல்லாவற்றிலும் மனிதரைப் போல் சாப்பிட மறுப்பவர் ஒருவர். அவருடைய உலகத்துக்குள் குனிந்து நுழைகிறவர் இன்னொருவர்.

எதிர்ப்பக்கம் ஓர் உண்மை நிகழ்ச்சி நிற்கிறது. 1959-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தங்களை இயேசு கிறிஸ்து என்று நம்பிய மூன்று நோயாளிகளை உளவியலாளர் மில்டன் ரோகீச் ஒரே மருத்துவமனையில் ஒன்றாக வாழவைத்தார். ஒருவரை ஒருவர் பார்த்து நம்பிக்கை தளருமா என்பது ஆராய்ச்சி. தளரவில்லை. அதன் பிறகு அவர்களில் ஒருவருக்கு, அவருடைய கற்பனை மனைவி எழுதுவது போல ரோகீச் கடிதங்கள் அனுப்பத் தொடங்கினார். அந்த மனிதர் மனைவியைச் சந்திக்கக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அறிவியலின் பெயராலும்கூட அவர்கள் வாழ்வில் கடவுள் போல் விளையாடத் தனக்கு உரிமை இருக்கவில்லை என்று ரோகீச் தானே எழுதினார். அவரும் நோயாளியின் உலகத்துக்குள்தான் நுழைந்தார். ஆனால் போனது ஆராய்ச்சிக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு வர. அந்த மனிதருக்கு எதையும் கொண்டுபோகவில்லை.

இல்-சுன் கொண்டுபோவது சோறு. தன் பொய்க்கு அவன் வாழ்நாள் முழுக்கப் பொறுப்பேற்கிறான். மேலும் அவன் மருத்துவராகவோ ஆராய்ச்சியாளராகவோ மேலே நின்று இதைச் செய்யவில்லை, பக்கத்துப் படுக்கைக்காரன். நோயோடு வாழ்ந்தவர் இன்னொரு நோயாளிக்குத் துணை நிற்பது இன்று பல நாடுகளில் மனநல சேவையின் ஒரு பகுதியாகவே ஆகியிருக்கிறது. இத்தனை இருந்தும், வீட்டில் ஒருவர் இல்-சுனைப் பார்த்து அப்படியே செய்ய முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிஜத்தில் அந்தக் கருவி நாளையே 'பழுதாகலாம்'. அதன் பிறகு சொன்ன எதையும் அவர் நம்பாமல் போகலாம். படத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது தந்திரத்தை இல்லை. ஏன் சாப்பிடவில்லை என்பதை அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அவன் காத்திருந்த பொறுமையை.

குறைகளும் சொல்ல வேண்டும். முதல் பாதியில் கிளைக்கதாபாத்திரங்கள் அதிகம். காலுறையைத் தேய்த்துப் பறப்பதாக நம்பும் பெண், யாருக்கும் முதுகு காட்டக் கூடாதென்று பின்னோக்கியே நடக்கும் பணிவுக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து போவதற்குள் கதை தள்ளாடுகிறது. சில இடங்களில் நோய் ஒரு வேடிக்கைப் பொருளாகச் சுருங்கிவிடுகிறது. வெளிர்பச்சைச் சுவர்களும் மிட்டாய் நிறங்களும் கொண்ட அந்த மருத்துவமனை, உண்மையான வார்டுகளில் நாள்களைக் கழித்தவர்களுக்குப் பொய்யாகத் தெரியலாம். அவர்கள் கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் மணிக்கட்டுக் காட்சி தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட அனுபவம் உள்ளவர்களை உலுக்கக்கூடியது; முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. ஆனால் அந்த நிறங்கள் மருத்துவமனையின் நிறங்கள் இல்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். அவை யங்-கூனின் கண்ணில் தெரியும் உலகம். கேமரா ஒருபோதும் வெளியே நின்று அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அவள் காணும் பற்சக்கரங்களை நாமும் காண்கிறோம்.

ஹாலிவுட் இதே பொருளைக் கையாண்ட விதத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். 2012-இல் டேவிட் ஓ. ரஸ்ஸல் இயக்கிய 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது; ஜெனிஃபர் லாரன்ஸ் சிறந்த நடிகையானார். இருமுனை மனநிலைக் கோளாறு உள்ள கதாநாயகனும் கணவனை இழந்த பெண்ணும் நடனப் பயிற்சியில் நெருங்கும் கதை. ரஸ்ஸலின் மகனுக்கே அந்த நோய் உண்டு. அந்த வீட்டின் சத்தமும் பதற்றமும் படத்தில் அப்பட்டமாக இருக்கின்றன. இருவரும் தாங்கள் சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து நெருங்கும் இரவு விருந்துக் காட்சி, இந்த வகைப் படங்களில் ஒரு மைல்கல். கதாநாயகன் மாத்திரையை ஒழுங்காக எடுக்கத் தொடங்குவதைப் படம் காட்டவும் செய்கிறது. ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. கடைசியில் நடனமும் முத்தமும் எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிடுகின்றன. நான் அந்தப் படத்தை மிகவும் நேசிக்கிறேன். என்றாலும் படம் முடிந்து வெளியே வரும்போது அவன் குணமாகிவிட்டான் என்ற எண்ணம்தான் மனதில் தங்குகிறது.

யங்-கூன் அப்படி விடைபெறுவதில்லை. சாப்பிடத் தொடங்கி, உடல் தேறிய பிறகு, அவளுக்கு ஒரு புதிய செய்தி கிடைக்கிறது. கனவில் வந்த பாட்டி சொல்லாமல் சொல்லிச் சென்ற, தன் 'இருப்பின் நோக்கம்' என்ன என்பதை அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்: அவள் ஓர் அணுகுண்டு. வெடிக்க நூறு கோடி வோல்ட் மின்சாரம் வேண்டும். அதற்கு மின்னல் வேண்டும். இல்-சுன் இதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. இடியும் மழையுமான ஓர் இரவில், கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருவரும் திறந்தவெளியில் மின்னலுக்காகக் காத்திருக்கிறார்கள். மின்னல் அவர்கள் மேல் விழவில்லை. விடிந்தபோது வானத்தில் வானவில் இருக்கிறது. அவர்கள் நனைந்துபோய், அணைத்தபடி அங்கேயே இருக்கிறார்கள்.